மேரி பிக்ஃபோர்ட்: திங்கட்கிழமைதோறும் 10,000 டாலர்

மௌனப்பட காலத்து நடிகைகளில் யாராவது நடிப்போடு நிற்காமல், சம்பளம் பேசும் ஏஜென்ட் வேலையையும் தயாரிப்பாளர் வேலையையும் கையில் எடுத்ததுண்டா, அப்படி ஒருவருடைய வாழ்க்கையை விரிவாகச் சொல்ல முடியுமா என்பது கேள்வி. அப்படிச் சிலர் இருந்தார்கள். ஆனால் கல்லாப்பெட்டிக்கு வரும் காசு எந்த வழியாக யார் கைக்குப் போகிறது என்பதையே மாற்றிக் காட்டியவர் என்றால் எனக்கு மேரி பிக்ஃபோர்ட் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். அவரைச் சுருட்டை முடிச் சிறுமியாக மட்டுமே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது அவருக்குச் செய்யும் பெரிய அநியாயம் என்பது என் கருத்து. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை வரிசையாகப் பார்த்தால் வேறொரு ஆள் தெரிவார். அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

அவருடைய இயற்பெயர் கிளாடிஸ் லூயிஸ் ஸ்மித். கனடாவின் டொராண்டோ நகரில் 1892 ஏப்ரல் 8-ஆம் தேதி பிறந்தார். 1898-இல் அப்பா இறந்தபோது வீட்டில் மூன்று குழந்தைகள்: இவர், தங்கை லாட்டி, தம்பி ஜாக். அம்மா சார்லட் தையல் வேலை செய்தார், வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டார். அந்த அறைக்கு வந்தவர் ஒரு நாடகக் கம்பெனியின் மேடை நிர்வாகி. குழந்தைகளை மேடையில் ஏற்றலாமே என்று அவர்தான் முதலில் சொன்னார். நாடகக்காரர்கள் என்றால் கெட்டவர்கள் என்று நினைத்த அம்மா முதலில் தயங்கினார், ஆனால் வறுமைக்கு முன்னால் தயக்கம் எத்தனை நாள் தாங்கும்? 1900 ஜனவரியில் டொராண்டோ பிரின்சஸ் தியேட்டரில் கிளாடிஸ் மேடையேறினார். வயது ஏழு. அதன் பிறகு ஊர் ஊராக ரயில் பயணம், மலிவான விடுதிகள், ஒழுங்காகப் பள்ளிக்குப் போகாத பிள்ளைப் பருவம். குடும்பத்துக்குச் சோறு போடுவது தன் பொறுப்பு என்ற எண்ணம் அந்த வயதிலேயே அவருக்குள் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் சம்பளம் பேசும்போது அவர் காட்டிய விடாப்பிடியைப் பேராசை என்று சொன்னவர்கள் உண்டு. இந்தப் பிள்ளைப் பருவத்தைத் தெரிந்துகொண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1907-இல் நியூயார்க்கின் பெரிய நாடகத் தயாரிப்பாளர் டேவிட் பெலாஸ்கோவிடம் வாய்ப்புக் கேட்டு விடாமல் அலைந்து, கடைசியில் சேர்ந்துவிட்டார். மேரி பிக்ஃபோர்ட் என்ற பெயர் அங்கேதான் வந்தது. அங்கே நடித்த நாடகம் முடிந்து கையில் வேலை இல்லாமல் இருந்தபோது, 1909-இல், பதினான்காவது தெருவில் இருந்த பயோகிராஃப் படக் கம்பெனியின் படியேறினார். மேடை நடிகர்கள் சினிமாவில் தலைகாட்டுவதை அவமானமாக நினைத்த காலம் அது. இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் ஒரு நாளைக்கு 5 டாலர் தருவதாகச் சொன்னார். தான் பெலாஸ்கோவின் நடிகை என்றும், 10 டாலர் வேண்டும் என்றும் கேட்டார் மேரி. வயது பதினேழு, பர்சில் காசு இல்லை, வீட்டில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அப்படியும் இரட்டிப்பாகக் கேட்டார், வாங்கியும்விட்டார்.

அந்த ஒரே ஆண்டில் அவர் நடித்த குறும்படங்கள் 51. கதாநாயகி, வேலைக்காரி, அம்மா, செவ்விந்தியப் பெண் என்று கொடுத்ததையெல்லாம் நடித்தார், நடுவில் கதைகளும் எழுதி விற்றார். பயோகிராஃப் கம்பெனி நடிகர்களின் பெயரை வெளியிடுவதில்லை. பெயர் தெரிந்தால் சம்பளம் கேட்பார்கள் என்ற பயம். ஆனால் பெயர் தெரியாமலே ஜனங்கள் இவரை அடையாளம் கண்டுகொண்டார்கள், 'சுருட்டை முடிப் பெண்' படம் வந்திருக்கிறதா என்று தியேட்டரில் கேட்க ஆரம்பித்தார்கள். தன் முகத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை மேரி புரிந்துகொண்டது இங்கேதான்.

1910 கடைசியில் கார்ல் லெம்லேயின் இம்ப் கம்பெனி வாரம் 175 டாலர் கொடுத்து இவரை இழுத்தது. படம் எடுக்கும் கருவிகளின் காப்புரிமையைக் கையில் வைத்திருந்த எடிசன் தரப்புக் கூட்டணியின் தொல்லைக்கு எட்டாமல் இருக்க, கியூபாவுக்கே போய்ப் படம் எடுத்த கம்பெனி அது. அங்கே எடுத்த படங்களின் தரம் மேரிக்குப் பிடிக்கவில்லை. சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று 1912-இல் கிரிஃபித்திடமே திரும்பினார். பணத்துக்காக மட்டும் ஓடியவர் என்று இவரைச் சொல்கிறவர்கள் இந்த ஒரு வருடத்தை மறந்துவிடுகிறார்கள்.

1913-இல் அடால்ஃப் ஜூகரின் பேமஸ் பிளேயர்ஸ் கம்பெனிக்கு வாரம் 500 டாலருக்கு வந்தார். உண்மையான கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அம்மா சார்லட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நடிகர்களுக்காகப் பேரம் பேசும் ஏஜென்ட் என்ற தொழில் சினிமாவில் அப்போது வேர்விடவில்லை. அந்த இடத்தில் சார்லட் உட்கார்ந்தார். பேச்சு வார்த்தைக்கு அவர் போவார், படிந்து வராவிட்டால் எழுந்து வந்துவிடுவார். என்ன கேட்பது, எதில் விட்டுக்கொடுப்பது, எதில் கூடாது என்பதெல்லாம் முன்னாலேயே அம்மாவும் மகளும் பேசி முடிவு செய்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இருவரையும் ஒரே ஆளாகத்தான் பார்த்தார்கள். மேரியின் ஒரு படத்தை எடுக்க ஆகும் நேரத்தைவிட அவருடைய ஒரு ஒப்பந்தத்தைப் போட அதிக நேரம் ஆகும் என்று சாமுவேல் கோல்ட்வின் எழுதியிருக்கிறார். அவர் 1916-இல் ஜூகரின் கூட்டாளிகளில் ஒருவர், பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

ஜூகருக்கும் இவருக்கும் இருந்தது அப்பா-மகள் போன்ற பாசம். ஒரு மாலை ஜூகர் மேரியை டீ குடிக்கக் கூட்டிப்போய், இருட்டும் வரை ஏதேதோ பேசி உட்கார வைத்திருந்தாராம். விளக்குகள் எரிந்ததும் எதிரே இருந்த தியேட்டர் முகப்பைக் காட்டினார். மேரியின் பெயர் மின்விளக்கு எழுத்துகளில் எரிந்துகொண்டிருந்தது. மேரி நெகிழ்ந்துபோனார். ஆனால் நெகிழ்ச்சி வேறு, கணக்கு வேறு. 1914-இல் சம்பளம் வாரம் 1,000 டாலர் ஆனது. 1915 ஜனவரியில் 2,000 டாலரும் லாபத்தில் பாதியும்.

லாபத்தில் பாதி என்று காகிதத்தில் இருந்தால் போதுமா? போதாது என்று அவர் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜூகர் கம்பெனியின் படங்களைத் தியேட்டர்களுக்கு விநியோகித்தது பாராமவுண்ட் நிறுவனம். மேரியின் படம் வேண்டும் என்று வரும் தியேட்டர்காரரிடம், அந்த ஒரு படத்தை மட்டும் தர மாட்டார்கள். வருடத்துக்கு வேண்டிய எல்லாப் படங்களையும் மொத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும். தியேட்டர்காரருக்கு மேரியின் ஏழெட்டுப் படம் வேண்டும், அதற்காக யாரும் பார்க்காத நாற்பது படங்களையும் சேர்த்துத் தலையில் கட்டிக்கொள்வார். இந்த முறையில் மேரியின் படம் எவ்வளவு சம்பாதித்தது என்று தனியாகப் பிரிக்கவே முடியாது. அவர் படத்தின் பலம் மற்ற படங்களின் வரவாகக் கணக்கில் ஏறிவிடும். பாராமவுண்டின் விற்பனையாளர்கள், மேரி ஒருத்தி இருந்தால் போதும், மற்றதையெல்லாம் அவள் கழுத்தில் கட்டி விற்றுவிடலாம் என்று பேசிக்கொண்டது தன் காதிலேயே விழுந்ததாகப் பின்னாளில் அவர் எழுதியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து, 1916 பிப்ரவரியில், சாப்ளினுக்கு மியூச்சுவல் கம்பெனி ஓர் ஆண்டுக்கு 6,70,000 டாலர் பேசியது. செய்தி நாடெங்கும் பரவியது. மேரியும் அம்மாவும் ஜூகரிடம் போய் உட்கார்ந்தார்கள். பேச்சு வாரக்கணக்கில் நடந்தது. 1916 ஜூன் 24-ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருந்தது இதுதான்: இரண்டு ஆண்டுகளுக்கு வாரம் 10,000 டாலர், ஒவ்வொரு திங்கட்கிழமையும் தர வேண்டும். ஆக மொத்தம் 10,40,000 டாலர் உத்தரவாதம், லாபத்தில் பாதி இந்தத் தொகையைவிட அதிகமாக வந்தால் அந்த அதிகமும். இயக்குநர் யார், துணை நடிகர்கள் யார் என்பதில் அவருக்கும் சொல் உண்டு. பேச்சு வார்த்தை நடந்த நான்கு வாரம் படப்பிடிப்பு இல்லாமல் கதைகளைப் படித்துக்கொண்டிருந்ததற்குக்கூட 40,000 டாலர் கேட்டு வாங்கினார்கள். படங்களைத் தயாரிக்க அவர் பெயரிலேயே ஒரு கம்பெனி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவருடைய படங்கள் இனி ஆர்ட்கிராஃப்ட் என்ற தனி நிறுவனம் வழியாகத் தனித்தனியாக விற்கப்படும். வேறு படங்கள் அவர் கழுத்தில் தொங்காது.

பத்திரிகைகள் பத்தாயிரத்தைப் பற்றியே எழுதின. என்னைக் கேட்டால் கடைசி ஷரத்துதான் அந்த ஒப்பந்தத்தின் உயிர். சம்பளத்தை யாரும் கூட்டிக் கேட்கலாம். விநியோக முறையில் கை வைத்தது அவருடைய அறிவு.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு கிளைக்கதையும் உண்டு. கோரா வில்கெனிங் என்ற பெண் ஏஜென்ட், தான் ஓடியாடிப் பேசியதால்தான் இவ்வளவு பெரிய தொகை வந்தது, கமிஷன் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஏஜென்ட் என்றால் யார், அவருக்கு எப்போது கமிஷன் பாக்கியாகிறது என்பதெல்லாம் இன்னும் யாருக்கும் தெளிவாகாத காலத்தின் அடையாளம் அது.

ஒப்பந்தத்தில் அதிகாரம் எழுதியாகிவிட்டது, ஸ்டூடியோவில் நிலைமை வேறு. 1917-இல் 'தி பூர் லிட்டில் ரிச் கேர்ள்' படத்தில், கதாசிரியை பிரான்சிஸ் மரியனும் மேரியும் சேர்ந்து சிறுபிள்ளைகள் சேற்றை வாரி அடித்துக்கொள்வது போன்ற வேடிக்கைகளைச் சேர்த்தார்கள். இயக்குநர் மோரீஸ் டூர்னூருக்கு அதில் இஷ்டமில்லை. படத்தைப் போட்டுப் பார்த்த கம்பெனிப் பெரியவர்கள் முகம் தொங்கிப்போனது. தோல்வி நிச்சயம் என்று முடிவு கட்டி, மேரியை இயக்குநர் செசில் பி. டிமில்லிடம் அனுப்பினார்கள். டிமில் சொல்வதை எதிர்க்காமல் கேட்டு நடப்பேன் என்று எழுதித் தர வேண்டிய நிலை அவருக்கு வந்தது. அதற்குள் படம் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றுவிட்டது. அதன் பிறகு கதை விஷயத்தில் அவர் வாயை அடைக்க யாராலும் முடியவில்லை. பிரான்சிஸ் மரியன் எழுத, சார்லஸ் ரோஷர் ஒளிப்பதிவு செய்ய, மார்ஷல் நீலன் இயக்க, ஒரு நிலையான குழு அவரைச் சுற்றி அமைந்தது. 1918-இல் வந்த 'ஸ்டெல்லா மாரிஸ்' அந்தக் குழுவின் உச்சம். நோயாளியான பணக்காரப் பெண்ணாகவும், கோணல் தோளோடு வரும் அநாதை யூனிட்டியாகவும் இரட்டை வேடம். யூனிட்டியாக அவர் வரும்போது இது அதே நடிகைதானா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் ஃபர்ஸ்ட் நேஷனல் வந்தது. அது தியேட்டர் முதலாளிகள் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம், ஜூகரின் ஆதிக்கத்தை எதிர்க்கவே பிறந்தது. மூன்று படங்களுக்கு 6,75,000 டாலரும் லாபத்தில் பாதியும் தருவதாகச் சொன்னார்கள். ஜூகரால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் யாருக்கும் நடிக்காமல் வீட்டில் இருந்தால் 2,50,000 டாலர் தருகிறேன் என்று அவர் சொன்னதாக மேரி எழுதியிருக்கிறார். இவர் மறுத்துவிட்டார்.

1919 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் அலெக்ஸாண்டிரியா ஹோட்டலில் ஃபர்ஸ்ட் நேஷனல்காரர்கள் கூடினார்கள். அவர்களும் பாராமவுண்ட்டும் ஒன்றுசேரப் போகிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. சேர்ந்துவிட்டால் நடிகர்கள் பேரம் பேச வேறு கதவே இருக்காது. துப்பறிவாளர்களை வைத்து விஷயத்தை உறுதி செய்துகொண்டார்கள் நட்சத்திரங்கள். 1919 பிப்ரவரி 5-ஆம் தேதி மேரி பிக்ஃபோர்ட், சார்லி சாப்ளின், நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், டி.டபிள்யூ. கிரிஃபித் நால்வரும் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பத்து வருடம் முன்னால் தன்னிடம் 5 டாலர் பேசிய கிரிஃபித்தோடு இப்போது மேரி சம பங்காளி. பைத்தியக்கார விடுதியைப் பைத்தியங்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று மெட்ரோ கம்பெனியின் ரிச்சர்ட் ரோலண்ட் கேலி செய்தது சினிமா வரலாற்றில் நிலைத்துவிட்டது.

யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் ஒரு விநியோக நிறுவனம் மட்டுமே. அதற்கு ஸ்டூடியோ கிடையாது, சம்பளத்துக்கு நடிகர்கள் கிடையாது. நால்வரும் தத்தம் சொந்தப் பணத்தில் படம் எடுக்க வேண்டும், நிறுவனம் அதைத் தியேட்டர்களுக்கு ஒவ்வொன்றாக விற்றுக்கொடுக்கும். உள்நாட்டு வசூலில் 20 சதவீதமும் வெளிநாட்டு வசூலில் 30 சதவீதமும் விநியோகக் கட்டணம், மீதி படம் எடுத்தவருக்கு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் தர ஆளில்லை, படம் ஓடாவிட்டால் நஷ்டம் முழுக்கத் தன் தலையில். அத்தோடு சாப்ளின் பழைய ஒப்பந்தம் முடியாததால் 1923 வரை அங்கே ஒரு படமும் தரவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் நிறுவனத்தைத் தாங்கியவை பெரும்பாலும் மேரியின் படங்களும் ஃபேர்பேங்க்ஸின் படங்களும்தான். 1920-இல் வந்த 'பாலியானா' அவர் அங்கே கொடுத்த முதல் படம், வசூல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு மார்ச்சில் அவரும் ஃபேர்பேங்க்ஸும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இருவருக்கும் அது இரண்டாம் திருமணம். முதல் கணவர் ஓவன் மூர் ஒரு நடிகர், அந்த வாழ்க்கை சரியாக அமையவில்லை.

தயாரிப்பாளராக அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்கு ஒரு ஷாட் போதும். 1921-இல் 'லிட்டில் லார்ட் ஃபாண்ட்லராய்' படத்தில் அம்மாவும் அவரே, சின்னப் பையனும் அவரே. பையன் அம்மாவின் கன்னத்தில் முத்தமிட வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலம், கேமராவுக்குள்ளேயே ஒரே ஃபிலிமை இரண்டு முறை ஓட்டித்தான் எடுக்க வேண்டும். முதல் முறை ஃபிரேமின் ஒரு பகுதியை மறைத்து அம்மாவாக நடிப்பார். ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பகுதியைத் திறந்து, நடித்த பகுதியை மூடி, பையனாக நடிப்பார். இடையில் கேமரா மயிரிழை அசைந்தாலும் கோடு தெரிந்துவிடும். அதனால் கேமராவைப் பெரிய எடை வைத்து அசையாமல் நிறுத்தினார் ரோஷர். அம்மாவாக உயரம் காட்ட மேரிக்கு உயரமான அடித்தட்டு வைத்த காலணி. திரையில் வருவது மூன்று விநாடி. எடுக்க ஆனது பதினைந்து மணி நேரம். செலவு முழுக்க அவருடையது. வேறொரு தயாரிப்பாளர் என்றால் அந்த முத்தத்தையே கதையிலிருந்து வெட்டியிருப்பார்.

1923-இல் ஜெர்மனியிலிருந்து எர்ன்ஸ்ட் லூபிட்சை அழைத்து வந்து 'ரோசிட்டா' எடுத்தார். ஹாலிவுட்டில் லூபிட்சின் முதல் படம் அது. பின்னாளில் அந்தப் படம் தனக்குப் பிடிக்கவில்லை என்றே மேரி சொல்லிவந்தார். என் பார்வையில் அது நல்ல படம். முப்பது வயதிலும் பன்னிரண்டு வயதுச் சிறுமியாகவே ஜனங்கள் பார்க்க விரும்பிய அவஸ்தையிலிருந்து வெளியே வர அவர் செய்த முயற்சியாகத்தான் அதைப் பார்க்கிறேன். அந்தச் சிறை அவர் தயாரிப்பாளராக இருந்தும் உடைக்க முடியாத ஒன்று. 1926-இல் 'ஸ்பேரோஸ்' படத்தில் மறுபடியும் சிறுமியாக வந்தார்.

1927-இல் திரைப்பட அகாடமி தொடங்கப்பட்டபோது அதன் 36 நிறுவனர்களில் அவர் ஒருவர். 1928 மார்ச்சில் அம்மா சார்லட் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் முடிதிருத்தகத்தில் உட்கார்ந்து சுருட்டை முடியை வெட்டிக்கொண்டார். பத்திரிகைகளில் அது முதல் பக்கச் செய்தி. அடுத்த ஆண்டு முதல் பேசும் படம் 'கொக்கெட்', அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. அப்புறம் இறங்குமுகம்தான். 1930-இல் பாதியில் நின்ற ஒரு படத்தின் நெகட்டிவை எரிக்கச் சொல்லிவிட்டார், தரம் பிடிக்கவில்லை. 1933-இல் 'சீக்ரெட்ஸ்' அவர் நடித்த கடைசிப் படம்.

நடிப்பை விட்டாலும் தொழிலை விடவில்லை. 1936-இல் தயாரிப்பாளர் ஜெஸ்ஸி லாஸ்கியோடு சேர்ந்து இரண்டு படம் தயாரித்தார், நாற்பதுகளிலும் சில படங்கள். அவை சுமாரானவைதான். இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சினிமாத் தொழிலாளர்களுக்கான நிவாரண நிதி. 1921-இல் அதைத் தொடங்கியவர்களில் அவரும் உண்டு. 1932-இல் சம்பளத்தில் அரை சதவீதம் பிடித்து நிதியில் சேர்க்கும் திட்டத்தை முன்னின்று கொண்டுவந்தார். டொராண்டோவில் அறை வாடகையில் வயிறு கழுவிய வீட்டுப் பெண்ணுக்கு, வேலை போன லைட்மேனின் வீடு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசி இருபது முப்பது ஆண்டுகளைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்ல அதிகம் இல்லை. தம்பியும் தங்கையும் முப்பதுகளிலேயே இறந்தார்கள், ஃபேர்பேங்க்ஸோடு 1936-இல் விவாகரத்து ஆனது, குடிப்பழக்கமும் அவரை வாட்டியது. 1937-இல் நடிகர் பட்டி ரோஜர்ஸை மணந்து கடைசி வரை அவரோடு வாழ்ந்தார். யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸில் நால்வரில் மிஞ்சிய இருவர் மேரியும் சாப்ளினும். இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை, எந்த முடிவும் எடுக்க முடியாமல் நிறுவனம் தள்ளாடியது. 1951-இல் வாரம் 1,00,000 டாலர் நஷ்டம் என்ற நிலையில் நிர்வாகத்தை ஆர்தர் கிரிம், ராபர்ட் பெஞ்சமின் என்ற இரு வக்கீல்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். 1955-இல் சாப்ளின் தன் பங்கை 11 லட்சம் டாலருக்கு விற்றார். மேரி இன்னும் ஓர் ஆண்டு பொறுத்திருந்து 30 லட்சத்துக்கு விற்றார். அறுபது தாண்டிய வயதிலும் கணக்கு தப்பவில்லை.

அவரது பழைய படங்கள் பல அழியாமல் இருப்பதற்கும் அவரே காரணம். தயாரிப்பாளராக இருந்ததால் நெகட்டிவ்கள் அவர் வசம் இருந்தன, பயோகிராஃப் காலத்துப் படங்கள் சிலவற்றையும் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். புதிய தலைமுறை பார்த்துச் சிரிக்கும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட நினைத்தவர், தோழி லில்லியன் கிஷ் போன்றோர் சொன்னதைக் கேட்டு மனம் மாறினார். நாற்பதுகளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் பெரும் பகுதி போய்ச் சேர்ந்தது. 1976-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், வீட்டில் இருந்தபடியே வாங்கிக்கொண்டார். 1979 மே 29-ஆம் தேதி காலமானார்.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று அடுத்து கேட்பீர்கள். முதலில் 1927-இல் வந்த 'மை பெஸ்ட் கேர்ள்'. ஐந்து-பத்து காசுக் கடையில் வேலை செய்யும் பெண்ணின் காதல் கதை, வேகமாக ஓடும், மௌனப்படம் பார்த்துப் பழகாதவர்களுக்கும் சலிக்காது. கதாநாயகன் பின்னாளில் அவர் மணந்த அதே பட்டி ரோஜர்ஸ். அது பிடித்திருந்தால் 'ஸ்பேரோஸ்'. சதுப்பு நிலத்தின் நடுவே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மரக்கிளை மேல் தப்பிப்போகும் கட்டம் இன்றைக்கும் மூச்சைப் பிடிக்க வைக்கும். 'ஸ்டெல்லா மாரிஸ்' மூன்றாவதாக இருக்கட்டும். அந்த முகத்துக்குப் பழகிய பிறகு யூனிட்டியைப் பார்த்தால்தான் அவர் என்ன செய்திருக்கிறார் என்பது முழுதாகத் தெரியும்.